ஆக்ஸியம் கப்பலில் எலும்பைத் தேய்த்தது எது?

பிக்ஸார் நிறுவனத்தின் ‘வால்-ஈ’ என்றதும் பலருக்கும் குப்பை அள்ளும் அந்தக் குட்டி ரோபோதான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது கேப்டன் அறைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்கள். பூமியைக் குப்பைமேடாக்கிவிட்டு மனிதர்கள் ஆக்ஸியம் என்ற கப்பலில் ஏறிப் போய் 700 வருடம் ஆகிவிட்டது. முதல் கேப்டன் திடகாத்திரமாக இருக்கிறார். அடுத்தடுத்த படங்களில் கன்னம் உப்புகிறது, கழுத்து காணாமல் போகிறது. கடைசி ஆள் ஏறக்குறைய ஒரு பெரிய கைக்குழந்தை. கப்பலில் எல்லோருமே மிதக்கும் நாற்காலியில் சாய்ந்தபடி, முகத்துக்கு முன்னால் திரையும் கையில் கோப்பையுமாகக் காலம் தள்ளுகிறார்கள். நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தவருக்குத் தானாக எழுந்து உட்காரத் தெரியவில்லை.

இதற்குப் படமே ஒரு காரணம் சொல்கிறது. பூமிக்குத் திரும்புவது பற்றிய பழைய வீடியோ ஒன்று ஓடும். விண்வெளியின் நுண் ஈர்ப்பால், அதாவது எடையே உணர முடியாத நிலையால், பயணிகளுக்கு லேசான எலும்புத் தேய்மானம் வந்திருக்கலாம் என்று அதில் வரும். பக்கத்திலேயே எலும்பு சுருங்கி உடம்பு பெருப்பதாக ஒரு வரைபடம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தைக் கவனித்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. ஆக்ஸியத்துக்குள் ஈர்ப்பு இருக்கிறது! தானியங்கி மாலுமி கப்பலைச் சாய்க்கும்போது பயணிகள் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து குவிகிறார்கள். கீழே போட்ட கோப்பை தரையில் கிடக்கிறது. தீயணைப்பானைப் பீய்ச்சி வால்-ஈ மிதப்பதெல்லாம் கப்பலுக்கு வெளியேதான். அப்படியானால் உள்ளே இருப்பவர்களின் எலும்பைத் தேய்த்தது எது?

எலும்பு ஒருமுறை கட்டி முடித்து அப்படியே விட்டுவிடும் சாமான் இல்லை. ஓயாமல் பராமரிப்பு நடக்கும் சாலை மாதிரி. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பை அமிலம் ஊற்றிக் கரைத்துக் குழி பறிக்கின்றன. பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து புது எலும்பு போடுகின்றன. பறிக்க இரண்டு மூன்று வாரம் போதும், நிரப்ப மாதக்கணக்காகும். பெரியவர்களின் எலும்புக்கூட்டில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. பறிப்பதும் நிரப்புவதும் சமமாக இருக்கும்வரை வெளியே எதுவும் தெரியாது.

எங்கே பறிப்பது, எங்கே நிரப்புவது என்று முடிவு செய்வது மூன்றாவது வகைச் செல்களான ஆஸ்டியோசைட்டுகள். எலும்புச் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். எலும்புக்குள்ளேயே புதைந்து, மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்கள் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நாம் ஒரு அடி எடுத்து வைக்கும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு நெளிகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நெளிவுதான். அதிலேயே கால்வாய்களில் இருக்கும் திரவம் சற்று நகரும், அந்த ஓட்டம் ஆஸ்டியோசைட்டுகளுக்குத் தெரிந்துவிடும். அசைவே இல்லாதபோது அவை ஸ்க்ளெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு போடும் வேலையை நிறுத்தி வைக்கின்றன. நடந்தால், குதித்தால், பாரம் தூக்கினால் ஸ்க்ளெரோஸ்டின் குறைகிறது, வேலை மறுபடி தொடங்குகிறது.

இந்தப் புரதம் பிடிபட்ட விதமே சுவாரசியமானது. தென்னாப்பிரிக்காவில் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு அளவுக்கு மீறித் தடித்துப்போகும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. அவர்களிடம் அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதாகியிருந்தது. அதாவது நிறுத்தச் சொல்ல ஆளில்லை. அதே புரதத்தை மடக்கும் மருந்து எலும்புத் தேய்மானம் உள்ள பெண்களுக்காக அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்றது. 2011இல் அட்லாண்டிஸ் விண்கலம் கடைசியாகப் பறந்தபோது, அந்த வகை மருந்து போட்ட சுண்டெலிகளும் கூடவே போயின.

எலும்பு உணர்வது ஈர்ப்பை அல்ல, தன் மேல் விழும் அழுத்தத்தை. டென்னிஸ் வீரர்களைப் பாருங்கள். இரண்டு கைக்கும் ஒரே ஈர்ப்பு, ஒரே சாப்பாடு. ஆனால் மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையைவிட மூன்றில் ஒரு பங்கு வரை தடித்திருப்பதை 1970களிலேயே எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டார்கள். மறுபக்கம், நாள் முழுக்கச் சைக்கிள் மிதிக்கும் தொழில்முறைப் பந்தய வீரர்களுக்கு இதயம் இரும்பாக இருக்கும், முதுகெலும்பு மட்டும் அடர்த்தி குறைந்து கிடக்கும். அவர்களும் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள்தானே.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் கதையும் இதே கணக்குதான். நிலையம் பறக்கும் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு ஒன்றும் காணாமல் போய்விடுவதில்லை. தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் நிலையமும் வீரரும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் தரை அவர் காலைத் திருப்பி அழுத்துவதில்லை. அழுத்தம் இல்லை என்றதும் ஆஸ்டியோசைட்டுகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. பறிக்கும் செல்களோ நிறுத்துவதில்லை. இடுப்பு எலும்பிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை கரைகிறது. தரையில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு வருடத்தில் போவது அங்கே ஒரு மாதத்தில் போகிறது. அதுவும் பாரம் தாங்கிப் பழகிய இடங்களில்தான். கை எலும்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கரைந்த கால்சியம் எங்கே போகும்? ரத்தம் வழியாகச் சிறுநீருக்கு. விண்வெளி வீரர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் அபாயம் அதனால்தான். இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கலும் வந்தது. 2008 நவம்பரில் எண்டெவர் விண்கலம் சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைக் கொண்டுபோய் நிலையத்தில் சேர்த்தது. அடுத்த வருடமே அது அடைத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கால்சியம் சல்ஃபேட் படிந்திருந்தது. தரையில் சோதித்த சிறுநீரில் இல்லாத அளவுக்கு வீரர்களின் சிறுநீரில் கால்சியம்! ஒரு பொறியியல் கோளாறுக்கு ஆறு பேரின் தொடை எலும்பு காரணமாக இருந்தது வேறு எங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.

அதே விண்கலத்தில் ஒரு உடற்பயிற்சிக் கருவியும் போனது. ஏஆர்ஈடி என்று அழைக்கிறார்கள். எடையே இல்லாத இடத்தில் இரும்புத் தட்டு வைத்து என்ன பயன்? அதனால் காற்று நீக்கிய உருளைகளை எதிர்த்து இழுக்கும்படி செய்திருக்கிறார்கள். சுமார் 270 கிலோ வரை பாரம் தரும். கம்பியைப் பிடித்துத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். முந்தைய கருவி அதில் பாதிப் பாரம்தான் தந்தது, எலும்பும் தேய்ந்துகொண்டே இருந்தது. புதியது வந்த பிறகு, ஒழுங்காகச் சாப்பிட்டுத் தினமும் உடற்பயிற்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கியவர்கள் தேய்மானத்தைப் பெருமளவு சமாளித்தார்கள். விண்வெளியிலேயே சமாளிக்க முடிகிறது என்றால், ஈர்ப்பு உள்ள ஆக்ஸியத்தில் ஏன் முடியவில்லை?

நாற்காலிதான் காரணம். வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஈர்ப்பு இருந்தாலும் தேயும் என்பதற்குப் பூமியிலேயே சான்று இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆரோக்கியமான ஆட்களைப் பணம் கொடுத்து, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்த்திய கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். சாப்பாடு, குளியல், மற்ற எல்லாமே படுத்தபடிதான். விண்வெளியைவிட மெதுவாக என்றாலும் அவர்களுக்கும் இடுப்பு எலும்பு தேய்கிறது. தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களுக்குக் கால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

இன்னொரு விஷயத்தையும் படம் குழப்பிவிடுகிறது. கேப்டன்களின் படங்களைப் பார்த்தால், தேய்மானம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே வந்த மாதிரி இருக்கும். அப்படிச் சேராது. தாத்தா நாற்காலியில் கிடந்ததால் பேரன் மெலிந்த எலும்போடு பிறக்கப்போவதில்லை; ஒவ்வொரு குழந்தையும் புதிதாகத்தான் தொடங்குகிறது. ஆக்ஸியத்தில் நடக்கும் கொடுமை வேறு. அங்கே கைக்குழந்தைகளையும் மிதக்கும் நாற்காலியிலேயே வளர்க்கிறார்கள். வாழ்நாளுக்கான எலும்பில் சுமார் 90 சதவீதம் 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். தவழாமல், ஓடாமல், மரத்திலிருந்து குதிக்காமல் அந்த வருடங்கள் போய்விட்டால் பிற்பாடு ஈடுகட்டுவது மிகக் கடினம்.

அப்புறம் அந்த உச்சக்கட்டக் காட்சி. கேப்டன் தன் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு காலில் எழுந்து நின்று, தானியங்கி மாலுமியோடு மல்லுக்கட்டுகிறார். அரங்கமே கைதட்டும் இடம், நானும் தட்டுவேன். ஆனால் எலும்பு முறிவதற்கு முன்பே அவர் மயங்கி விழுந்திருப்பார். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கீழ்நோக்கி இறங்கும். கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் உடனே கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரைவுபடுத்தி, மூளைக்கு ரத்தம் போகும்படி பார்த்துக்கொள்ளும். பழக்கம் விட்டுப்போனால் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். ஆறு மாதம் மேலே இருந்துவிட்டு இறங்கும் வீரர்களைக் கலத்திலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது இதற்காகத்தான். விதிவிலக்கும் உண்டு. 437 நாள் மிர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து இருந்த ரஷ்ய மருத்துவர் வலேரி பொல்யகோவ் 1995இல் இறங்கியதும், கலத்திலிருந்து பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்குத் தானே நடந்து போனார். ஆனால் அவர் அத்தனை நாளும் விடாமல் உடற்பயிற்சி செய்தவர்.

ஆக்ஸியம் தரையிறங்கியபோது நான் அதன் மருத்துவராக இருந்தால் கதவையே திறக்க விட மாட்டேன். கப்பலுக்குள் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. இத்தனை நாள் அது இருப்பதே தெரியவில்லை என்று ஒரு பயணி படத்திலேயே வியக்கிறார். முதலில் எல்லோரையும் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வைக்கலாம். அங்கே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான் காலில் விழும். சில வாரம் கழித்து இடுப்பளவு தண்ணீர், அங்கே உடல் எடையில் பாதி. அதன் பிறகு தரை, அப்புறம் கையில் சிறு பாரம். படத்தில் இறங்கியதும் செய்வது போலச் செடி நடப் போவதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் தண்ணீர் ஊற்றத்தான் வால்-ஈ இருக்கிறதே.