காமாலை என்றதும் கீழாநெல்லியா?

போன வாரமும் ஒருவர் வந்தார். உடம்பெங்கும் சொறிந்த தழும்பு, மலம் சுண்ணாம்பு நிறம். ஒரு மாதமாக வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாறு, உப்பில்லாப் பத்தியம். ஸ்கேன் எடுத்தால் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டு கட்டி. முதல் வாரமே வந்திருக்கலாம். "வேறு மருந்து ஏதாவது?" என்று கேட்டதற்கு, "இல்ல சார், நாட்டு மருந்து மட்டும்தான்" என்றார். எங்கள் ஓ.பி.யில் தினமும் கேட்கும் பதில் இது.

காமாலை என்பது நோயின் பெயர் அல்ல, அடையாளம். பின்னால் கல்லீரலை வீங்கவைக்கும் ஹெபடைடிஸ் வைரஸ் இருக்கலாம், சாராயம் இருக்கலாம், பித்தக்கல், புற்றுநோய், எலி பேஸ்ட் என்று எதுவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே இலையா?

"பக்கத்து வீட்டுக்காரருக்கு அதிலேதானே சரியாச்சு?" என்பீர்கள். ஆகும். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். சாறு குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு.

இலையை யாரும் ஆராயாமல் ஒதுக்கவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கும் அக்குழுவில் ஒருவர். பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் அரசின் தேசியத் திட்டத்தில் இலவச மாத்திரையே இருக்கிறது.

இன்னொரு நாட்டு மருந்தான சீந்தில் கொடியின் கதை வேறு. கொரோனா சமயத்தில் அதைக் குடித்துக் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அது சீந்திலே அல்ல, அதைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். சரி, அப்படியே இருக்கட்டும். பொடியாக்கிப் பொட்டலம் கட்டியபின் எது எந்தக் கொடி என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். கர்ப்பிணி என்றால் அன்றைக்கே வாருங்கள். ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்து. பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, ரத்தக்கசிவு இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். அப்புறம், குடித்த பொடி, லேகியம், சூரணம் எதுவானாலும் டப்பாவோடு எடுத்து வாருங்கள். திட்டமாட்டேன்.