கன்சல்டன்ட்னு போட்ட லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி

ஈரோடு, கோபி, பெருந்துறை பக்கம் பிரைவேட் ஆஸ்பத்திரில சேரப்போற டாக்டர் பொண்ணுங்க எங்கிட்ட கேக்கறதெல்லாம் சம்பளம் எவ்வளவு கேக்கலாம்ங்கறது மட்டும்தான். லெட்டர்ல என்ன பதவி போட்டிருக்குன்னு யாரும் பாக்கறதில்லீங்க. கன்சல்டன்ட்னு போட்டு, பிஎஃப் இல்லாம, 10% டிடிஎஸ் (முன்கூட்டியே புடிக்கற வருமான வரி) மட்டும் புடிச்சு காசு குடுத்தா, அவங்க கணக்குல நீங்க ஊழியரே இல்ல. ஆனா டூட்டி ரோஸ்டர் அவங்க போடறது, பஞ்ச் வைக்கோணும், லீவுக்கு அவங்ககிட்டதான் நிக்கோணும். கேக்க கவுரவமாத்தான் இருக்கும், முழுகாம இருக்கறப்பத்தான் விசயம் தெரியும்.

எனக்குத் தெரிஞ்ச கைனக் டாக்டர் ஒருத்தங்க சிசேரியன் ஆகி ரெண்டாவது மாசமே டூட்டிக்கு வந்துட்டாங்க. ஓபில உக்காந்து வர்ற தாய்மாருக்கெல்லாம் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுந்தான் கண்ணு, தண்ணிகூட வேண்டாம்னு சொல்லுவாங்க, மத்தியானம் இவங்களுக்குப் பால் கட்டி வலி தாங்காம, தாழ்ப்பாள் இல்லாத டூட்டி ரூம்ல கதவுக்கு நாற்காலிய முட்டுக் குடுத்துட்டு பம்ப் பண்ணுவாங்க, அதுக்குள்ள லேபர் வார்டுல இருந்து போன் வந்துரும்.

பிரசவ பலன் சட்டத்துல 2017ல வந்த திருத்தத்துக்கு அப்பறம் மொத ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தாப் போதும். திரும்பி வந்தா கொழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் தினம் ரெண்டு தடவை பால் குடுக்க பிரேக் உண்டு. கான்ட்ராக்ட்னா கெடையாதுன்னு சொன்னா நம்பாதீங்க. டெல்லி அரசு ஆஸ்பத்திரில கான்ட்ராக்ட்ல இருந்த ஒரு டாக்டர் கேஸ்ல, கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் பிரசவ லீவு பலனக் குடுத்தே ஆகோணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. கன்சல்டன்ட் கதை வேற, ஊழியரே இல்லன்னு கணக்கு வெச்சிருக்கறதால அந்தத் தீர்ப்பு தானா வந்து ஒட்டிக்காது, அதனாலதான் சேரும்போதே பேசிருங்கன்னு சொல்றது.

பாலியல் தொந்தரவு விசயத்துல இந்தப் பேரு வித்தை செல்லாதுங்க. 2013 சட்டத்துல கான்ட்ராக்ட், ட்ரெய்னி எல்லாரும் அடக்கம். 10 பேர் வேலை பாக்கற எடம்னா உள்புகார் கமிட்டி இருந்தே ஆகோணும், தலைமை ஒரு சீனியர் லேடி. சின்ன கிளினிக்கா இருந்தா மாவட்டத்துல இருக்கற லோக்கல் கமிட்டி. சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள புகார எழுதிக் குடுத்துருங்க, பொறகு பாத்துக்கலாம்னு விட்டா நாள் ஓடிரும்.

இதெல்லாம் இன்டர்வியூல நேர்ல கேக்க சங்கடமா இருந்துச்சுன்னா மெயில்ல கேளுங்க, பதிலாச்சும் எழுத்துல இருக்கும்.