மண்ணிலிருந்து மேட் தளத்துக்கு: புதிய கபடி வீரரின் முழங்கால்

முழங்கால் வீக்கத்தோடு வரும் இளம் கபடி வீரர்களிடம், இயன்முறை மருத்துவராக நான் முதலில் கேட்பது, எந்தத் தளத்தில் ஆடினார்கள், அதில் ஆடத் தொடங்கி எத்தனை நாளாயிற்று என்பதுதான். ஊர்த் திடலில் வெறுங்காலோடு பல ஆண்டுகள் ஆடிய 17 வயது மாணவர் ஒருவர், கல்லூரி அணிக்குத் தேர்வாகி, ஷூ அணிந்து, செயற்கை விரிப்பான மேட் தளத்தில் ஆடத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் அடிபட்டார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துத் திரும்பும்போது முழங்காலுக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டதாகச் சொன்னார்.

மண்ணில் திரும்பும்போது பாதம் சற்றுச் சறுக்கும். விசையில் ஒரு பங்கை மண்ணே வாங்கிக்கொள்ளும். மேட் தளத்தில் ஷூவின் ரப்பர் அடிப்பாகம் இறுகப் பற்றிக்கொள்வதால், பாதம் நின்றுவிட உடல் மட்டும் திரும்ப, அந்த முறுக்கு முழங்காலின் நடுவே இருக்கும் ஏ.சி.எல். என்னும் தசைநாரின் மீது இறங்குகிறது. வீரர்கள் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு மேட் தளத்தில் ஆடுவது ஒவ்வொரு கிராமத்து இளைஞரின் கனவாகிவிட்டது. அந்தத் தளத்துக்கு உடலைப் பழக்கும் காலத்தை மட்டும் எவரும் ஒதுக்குவதில்லை.

முதல் ஆறு வாரங்களில் புதியவரை முழு வேகத்தில் ரெய்டுக்கு, அதாவது எதிரணிப் பகுதிக்குள் பாடிச் செல்ல, அனுப்ப வேண்டாம் என்பதே பயிற்சியாளர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள். ஒரே காலை ஊன்றிச் சட்டென்று திரும்பாமல், முழங்காலை மடக்கி, இரண்டு மூன்று சிற்றடிகளில் திரும்பவும், குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாயாமல் பாதத்துக்கு நேராக நிற்கவும் அவர் முதலில் பழக வேண்டும். தொடையின் பின்புறத் தசைகளுக்கும் இடுப்புத் தசைகளுக்கும் வலுவூட்டுவது இதற்கு இணையாகவே நடக்க வேண்டும். கால்பந்து வீரர்களுக்காக உருவாக்கப்பட்ட ‘ஃபிஃபா 11+’ என்னும் 20 நிமிடப் பயிற்சி இவற்றையே அடிப்படையாகக் கொண்டது. பதின்ம வயதுப் பெண்களிடையே நார்வேயில் நடத்திய ஆய்வில் அதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கபடிக்கு ஏற்ப அதைச் சிறிது மாற்றிக்கொள்வதில் சிரமம் எதுவும் இல்லை.

அடிபட்டபின் நடக்கும் தவறுகளே எனக்கு அதிக வருத்தம் தருபவை. சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால், நடக்க முடிந்தாலும் அன்று ஆட்டத்தைத் தொடரக் கூடாது. எண்ணெய் தேய்த்து உருவிவிடவும் கூடாது. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெளிவாகத் தெரியும். தசைநார் கிழிந்திருப்பது தெரியாது. அந்த மாணவரின் எக்ஸ்ரேயைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னதை நம்பி, பத்தாம் நாள் அவரை மீண்டும் களமிறக்கினார்கள். அந்த ஆட்டத்தில் முழங்கால் மறுபடியும் பிசகியது, பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டும் கிழிந்திருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து இப்போது ஏழாவது மாதம். அடுத்த தொடருக்கு அவரை அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள். குறைந்தது ஒன்பது மாதங்கள் முடிந்து, அடிபட்ட காலின் தொடை வலு மறுகாலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டும்வரை முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.