நீல வானத்தைக் கறுப்பாக்கும் சிவப்புக் கண்ணாடி

கறுப்பு வெள்ளை நிலக்காட்சிப் படங்களில் பட்டப்பகல் வானம் எப்படி அவ்வளவு இருண்டிருக்கிறது, எல்லாம் படம் கழுவி அச்சிடும் இருட்டறையில் செய்த வேலைதானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இருட்டறைக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஒரு சிவப்பு ஃபில்டர், அதாவது நிறக் கண்ணாடி.

1927 ஏப்ரல் 10. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில், ஹாஃப் டோம் என்ற கிரானைட் மலையின் செங்குத்து முகத்துக்கு எதிரே 25 வயது ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நின்றார். படம் பதிய எஞ்சியிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்து முடித்ததும், மலை தன் மனத்தில் எழுப்பிய கம்பீரம் அதில் வராது என்று உணர்ந்தார். கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். அந்தப் படத்தில் வானம் ஏறத்தாழக் கறுப்பு. பாறை ஒளிர்ந்து நிற்கிறது.

காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் குறுகிய அலைகளையே அதிகம் சிதறடிக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. அந்த நீலத்தைச் சிவப்புக் கண்ணாடி தடுத்துவிட்டால் வானத்திலிருந்து தகட்டுக்கு வந்து சேரும் ஒளி சொற்பம். மேகத்தின் நீர்த்துளிகளோ பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அந்த வெண்மையில் சிவப்பும் நிறைய இருப்பதால் மேகம் பளிச்சென்று பதிகிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது நிழல்தான். திறந்தவெளி நிழலில் சூரியன் நேரே விழுவதில்லை. அங்கே விளக்குப் பிடிப்பது வானம். ஆகவே நிழலின் ஒளியும் நீலம் கலந்தது! வானத்தை இருட்டாக்கும் அதே கண்ணாடி பாறையின் ஒவ்வொரு வெடிப்பையும் மடிப்பையும் சேர்த்தே ஆழமாக்குகிறது. நிறம் போன பிறகு மலையின் உருவத்தை நமக்குச் சொல்ல ஒளியும் நிழலும்தான் மிஞ்சுகின்றன. இங்கே இரண்டும் கூர்மையாகிவிடுகின்றன. இந்தப் படங்கள் அலுக்காததற்கு இதுவே முதற்காரணம் என்பேன்.

தொடக்ககாலத் தகடுகளுக்குச் சிவப்பே தெரியாது. நீலத்தை மட்டும் விழுங்கியதால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். 1873இல் பெர்லினில் வேதியியலாளர் ஹெர்மான் ஃபோகல், சில தகடுகளுக்கு மட்டும் பச்சையும் பதிவது ஏன் என்று ஆராய்ந்து, அவற்றில் சேர்த்திருந்த சாயமே காரணம் என்று கண்டறிந்தார். சிவப்பையும் உணரும் தகடுகள் அந்த வழியில்தான் வந்தன. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுக்கு நிதி ஒதுக்குபவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

மழை விட்ட காலையில், சூரியனுக்கு எதிர்த்திசையில் வானத்தைச் சிவப்புக் கண்ணாடித்தாள் வழியே பாருங்கள். நீலம் மங்கி, மேகம் முன்னால் வரும். புழுதியும் பனிமூட்டமும் உள்ள நாளில் இது எடுபடாது. அந்தத் துகள்களும் மேகத்தைப் போலவே சிவப்பையும் சேர்த்துச் சிதறடிக்கின்றன.