சரிக்கட்டலா, ஈடுசெய்தலா? வெப்பநிலைப் பதிவில் தடுமாறும் ஒரு சொல்

வானிலை நிலையங்களின் பழைய வெப்பநிலைத் தரவுகளை விஞ்ஞானிகள் "சரிக்கட்டுகிறார்கள்" என்று எழுதும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளை இந்தக் கோடையில் மட்டும் மூன்று முறை படித்துவிட்டேன். மூன்றாவது கட்டுரையில், "சரிக்கட்டப்பட்ட தரவு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்" என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. ஆங்கில மூலத்தில் அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு சாதாரணச் சொல் இருந்திருக்கும். அது தமிழுக்கு வந்து சேர்ந்தபோது குற்ற ஒப்புதல் வாக்குமூலமாக மாறியிருந்தது. ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வாதமே திசைமாறிவிடும் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'அருகே' என்று பொருள்படும் யுக்ஸ்டா என்னும் லத்தீன் சொல்லிலிருந்து 'அருகே கொண்டுவருதல்' என்னும் வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நீதி, நேர்மை என்று பொருள்படும் யுஸ்டுஸ் என்ற வேறொரு லத்தீன் சொல்லோடு மக்கள் அதைக் குழப்பிக்கொண்டதால், 'நேராக்குதல்' என்ற சாயலும் அதில் ஏறிக்கொண்டது. இங்கே நமக்கு வேண்டியது அந்த முதற்பொருள்தான்: தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டை ஒப்பிடும்படி அருகருகே கொண்டுவருதல்.

வானிலைப் பதிவில் இது உண்மையில் எதைக் குறிக்கிறது? நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1927 இறுதிவரை அந்நகரின் வெப்பநிலை தோர்ன்டன் என்னும் இடத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில் அளக்கப்பட்டது. 1928 முதல் அந்த வேலை 125 மீட்டர் உயரத்தில், குன்றின் மேலுள்ள கெல்பர்னுக்கு மாறியது. நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கின்படி, இந்த 122 மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் 0.8 டிகிரி குளிர்ச்சி எதிர்பார்க்கத்தக்கது. தாழ்வான இடத்திலுள்ள வெலிங்டன் விமான நிலையத்தையும் கெல்பர்னையும் ஒப்பிட்டாலும் வேறுபாடு அதே அளவில்தான் வருகிறது. ஆக, பழைய எண்களையும் புதிய எண்களையும் அப்படியே ஒட்டினால், 1928இல் வெலிங்டன் திடீரென்று குளிர்ந்துவிட்டதாகத் தோன்றும். குளிர்ந்தது நகரமன்று, வெப்பமானிதான் மலையேறியது. எனவே தோர்ன்டன் காலத்து மதிப்புகளிலிருந்து அந்த வேறுபாட்டைக் கழித்து, இரு பகுதிகளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதையே சூழ்ச்சி என்று வாதிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது.

இதைப் புரிந்துகொள்ள நாம் நியூசிலாந்துவரை போகவும் வேண்டாம். சென்னையில் கோடைதோறும் நாளிதழ்கள் நுங்கம்பாக்கத்துக்கு ஓர் எண்ணும் மீனம்பாக்கத்துக்கு வேறோர் எண்ணும் வெளியிடுகின்றன. கடற்காற்று முதலில் எட்டுவது நுங்கம்பாக்கத்தைத்தான் என்பது நகரவாசிகளுக்குத் தெரிந்ததே. நுங்கம்பாக்கத்து வெப்பமானியைத் தூக்கி மீனம்பாக்கத்தில் வைத்துவிட்டு, "சென்னை ஒரே இரவில் சூடாகிவிட்டது" என்று யாரேனும் எழுதினால் நாம் சிரிப்போமா, மாட்டோமா?

இடமாற்றம் மட்டும் காரணமன்று, நேரமும் காரணமாகும். அதிகபட்ச வெப்பமானியில் ஏறிய பாதரசம், பார்வையாளர் அதை உதறி இறக்கும்வரை அங்கேயே நிற்கும். அமெரிக்காவில் தன்னார்வப் பார்வையாளர் பலர் முன்பு மாலையில் அளவெடுத்தார்கள். வெயில் கடுமையான ஒரு நாளில் மாலை ஐந்து மணிக்கு உதறினாலும், அந்த நேரத்து 36 டிகிரிக்குக் கீழே பாதரசம் இறங்காது. மறுநாள் மேகமூட்டத்தில் 33 டிகிரியே வந்தாலும் ஏட்டில் 36 என்றே ஏறும். ஒரே வெயில் இரு நாள் கணக்கில் வந்துவிடுகிறது. பின்னாளில் அவர்கள் காலை நேரத்துக்கு மாறியபோது, அதே முறையில் குளிர்ந்த விடியல்கள் இருமுறை எண்ணப்பட்டன. மாதச் சராசரி இதனால் தாழ்ந்தது. பார்வையாளர் ஒரு நாளும் தவறாகப் படிக்கவில்லை. மாறியது கடிகார நேரம் மட்டுமே. இத்தகைய வேறுபாடு கோடையில் ஒரு மாதிரியும் குளிர்காலத்தில் வேறு மாதிரியும் இருப்பதால், ஈடாகச் சேர்க்கவோ கழிக்கவோ வேண்டிய அளவைப் பெரும்பாலும் மாதவாரியாகவே கணக்கிடுகிறார்கள்.

இப்போது 'சரிக்கட்டல்' என்னும் சொல்லுக்கு வருகிறேன். இது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. நம் கணக்குப்பதிவியல் பாடநூல்களில் ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும்போது எழுதும் பதிவுகளுக்குச் 'சரிக்கட்டுப் பதிவுகள்' என்று பெயர். அங்கே அது முறையான கலைச்சொல். அதில் எனக்கு மறுப்பில்லை. 'சரி' தமிழா, பிறமொழிச் சொல்லா என்ற வழக்கையும் நான் இங்கே எடுக்கப்போவதில்லை. பொருள் தெளிவாக இருந்தால் எந்தச் சொல்லையும் தாங்கிக்கொள்ளும் பொறுமை எனக்கு உண்டு. ஆனால் வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் அந்தச் சொல் என்னவாகிறது என்பதைக் கேளுங்கள். "அதிகாரியைச் சரிக்கட்டிவிட்டான்" என்றால் பணம் கைமாறியிருக்கிறது. "சண்டை போட்டவளை எப்படியோ சரிக்கட்டினேன்" என்றால் உண்மையை மழுப்பியிருக்கிறோம். கல்லாவில் துண்டு விழுந்ததைக் கணக்குப்பிள்ளை சரிக்கட்டினார் என்றால், முதலாளி கண்ணில் படாமல் எங்கோ ஒரு பொய்ச் செலவு எழுதப்பட்டிருக்கிறது. இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது மறைப்பு. விரும்பிய விடை முன்னரே முடிவாகிவிட்டது. அதற்கேற்ப எண்ணையோ ஆளையோ வளைக்கிறோம் என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

வெப்பநிலைத் தரவில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. மூலப் பதிவு அழிக்கப்படுவதில்லை, தனியாகப் பாதுகாக்கப்படுகிறது. எந்த ஆண்டில், எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு கூட்டினார்கள் அல்லது கழித்தார்கள் என்பது எழுதி வைக்கப்படுகிறது. அதைவிட முக்கியமாக, முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று அவர்கள் தீர்மானித்துக்கொண்டு தொடங்குவதில்லை. பழைய கப்பல்களில் வாளியால் கடல்நீரை மொண்டு அளந்தபோது, வாளி மேலே வருவதற்குள் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். அந்தப் பழைய எண்களுக்குரிய குளிர்ச்சியைக் கணக்கில் எடுத்தபோது, உலகம் நெடுங்காலத்தில் சூடான அளவு மூலத் தரவு காட்டியதைவிடக் குறைந்தது. சூட்டை மிகைப்படுத்துவதற்காகச் 'சரிக்கட்டுகிறவர்' எவரும் இப்படிச் செய்யமாட்டார்.

வேறு மாற்றுகளும் புழங்குகின்றன. 'சரிசெய்தல்' பழுதடைந்த மோட்டாரையும் குழாயையும் நினைவூட்டுகிறது. தோர்ன்டனில் எதுவும் பழுதாகவில்லை. 'திருத்தம்' கேட்பதற்கு நன்றாக இருந்தாலும் அதற்கு ஒரு பிழை தேவை. மேலும் அச்சொல்லுக்கு இதே துறையில் வேறு வேலை இருக்கிறது: ஒவ்வொரு வெப்பமானியையும் தரப்படுத்தும்போது அது ஒரு டிகிரியில் பத்தில் எத்தனை பங்கு கூடவோ குறையவோ காட்டுகிறது என்று குறித்துத் தருவார்கள், படித்த எண்ணில் அதைச் சேர்ப்பதுதான் உண்மையான திருத்தம். கருவியின் பிழைக்கு அச்சொல்லை ஒதுக்கிவிட்டபின், சூழ்நிலை மாற்றத்துக்கும் அதையே பயன்படுத்தினால் இரண்டும் குழம்பும். 'சமன்படுத்தல்' என்று எழுதுகிறவர்களுக்குப் பால் பாக்கெட்டைப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன்.

என் தேர்வு 'ஈடுசெய்தல்'. இடு என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு ஈடு என்று பெயராகிறது. கெடு கேடாவதும் சுடு சூடாவதும் இதே வழியில்தான். ஒன்றுக்கு நிகராக வேறொன்றை இடுவது ஈடு. ஆகவே அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒப்பீடு இருக்கிறது, அளவும் இருக்கிறது. எதற்கு ஈடு, எவ்வளவு ஈடு என்ற இரு கேள்விகளையும் அது தானாகவே எழுப்பிவிடும். 'சரிக்கட்டல்' இவ்விரண்டையும் எழவிடாமல் அமுக்குவது. ஈடு என்றால் அடமானமும் இழப்பீட்டுத் தொகையும்தானே நினைவுக்கு வரும் என்று நண்பர் ஒருவர் மறுத்தார். வரும், ஆனால் அவை இரண்டும் எழுத்தில் பதிவாகிக் கையெழுத்தாகும் விவகாரங்கள், கள்ளக்கணக்கின் சாயல் அவற்றில் இல்லை. "உயர மாற்றத்துக்கு 0.8 டிகிரி ஈடு" என்று எழுதினால் எந்த வாசகரும் தடுமாறமாட்டார்.

தனித்தனி ஈடுகளை எல்லாம் உள்ளடக்கிய முழு நடைமுறைக்கு ஆங்கிலத்தில் ஹோமோஜெனைசேஷன் என்று பெயர். அதற்குப் புதுச்சொல் ஆக்கத் தேவையே இல்லை. உப்புக் கரைசலை 'ஒருபடித்தான கலவை' என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். படி என்பது இங்கே வகை, தன்மை. ஒரு நிலையத்தின் நூறாண்டு எண்களையும் ஒரே தன்மையுள்ள வரிசையாக்குவது ஒருபடித்தாக்கல். பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டு, இந்த நிலையம் மட்டும் எந்த மாதத்தில் தனியாகத் தாவுகிறது என்று கண்டுபிடிப்பதும் அந்த வேலையில் அடக்கம்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இந்த ஒரு சொல்லோடு முடிவதில்லை. ரெக்கார்டு என்பது பதிவேட்டையும் குறிக்கும், அந்தப் பதிவேட்டிலேயே மிக உயர்ந்த எண்ணையும் குறிக்கும் என்பதை மறந்து, "சாதனை வெப்பநிலை" என்று எழுதுகிறார்கள். வெயில் என்ன போட்டியில் கலந்துகொண்டதா? "இதுவரை பதிவானவற்றில் உச்சம்" என்றால் ஒரு சொல் கூடும், அவ்வளவுதான். நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டதும் "வெயில் சதமடித்தது" என்பதையாவது விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம்; அதுவும்கூட, செல்சியஸில் 37.8 என்றால் தலைப்புக்குச் சுவை போய்விடும் என்பதற்காகத்தான் நீடிக்கிறது.

அட்டவணை தயாரிக்கிறவர்கள் நீளமான தலைப்புக்கு இடமில்லை என்பார்கள். மாதச் சராசரிகளை இரு நெடுவரிசையில் அடுத்தடுத்து இட்டு, முதலாவதன் மேல் 'மூலம்' என்றும் இரண்டாவதன் மேல் 'ஈடுசெய்தது' என்றும் எழுதி, காரணத்தையும் அளவையும் அடிக்குறிப்பில் தந்தால் போதும். 'சரிக்கட்டியது' என்பதைவிட ஓர் எழுத்துகூட அதிகமாகாது.