ரோபோ சொன்னால் பெரியவர்கள் கேட்பார்களா?

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் எங்கள் மருத்துவமனைக்கு மயங்கி வரும் முதியவர்களில் பலருக்கு "தண்ணி நிறைய குடிங்க" என்ற அறிவுரை மனப்பாடம். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். போதாததற்கு, பிரஷருக்காக நீர் பிரிக்கும் மாத்திரை வேறு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் கதை முடிந்தது. அந்தந்த நேரத்தில் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும். மகன் பெங்களூரில் இருப்பார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார முடியாது. பேசும் ரோபோவுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

தென் கொரியாவில் தனியாக வசிக்கும் முதியோருக்கு ஹியோடால் என்ற பொம்மை ரோபோ மாத்திரை நேரத்தை நினைவூட்டுகிறது. நியூயார்க் மாநில அரசு 2022-ல் எல்லிக்யூ என்ற மேசை ரோபோவை முதியோர் வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஜப்பானின் பாரோ, சீல் என்ற கடல் விலங்கின் குட்டி போல இருக்கும் ரோபோ, இந்த வகை இல்லை. அது பேசாது, மறதி நோய் உள்ளவர்களை அமைதிப்படுத்தத்தான் அது.

காட்பாடி பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்கள் நாவோ என்ற மனித உருவ ரோபோவைக் கொண்டு வந்தார்கள். 58 செ.மீ. உயரம், குழந்தைக் குரல். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ நேரும் என்று அது பாடம் எடுத்தது. முன்வரிசைப் பாட்டி, "இன்னா கண்ணு சொல்ற? ஒண்ணும் காதுல வுழல" என்றார். முதுமையில் காது முதலில் இழப்பது கீச்சென்ற ஒலிகளைத்தான். குழந்தைக் குரல் அழகு, ஆனால் கேட்க வேண்டியவருக்குக் கேட்காது. மாணவர்கள் குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, செய்தி வாசிப்புத் தமிழையும் மாற்றினார்கள்.

அப்புறம் ரோபோ உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கொஞ்சம் பொறுத்து எழுந்து காட்டியது. ஒரே கைதட்டல். "சரி தாத்தா, ராத்திரி பாத்ரூம் போகணும்னா முதல்ல என்ன செய்வீங்க?" என்று ஒருவரைக் கேட்டேன். "எழுந்து நிப்பேம்மா, அது நின்னுச்சே!" என்றார். கட்டிலோரம் உட்கார்ந்து பொறுப்பதுதான் பாடமே. அந்தச் சும்மா இருந்த நேரம் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த முறை ரோபோ அந்த நேரத்தில் வாய்விட்டு எண்ணியது, எல்லோரும் கூடவே எண்ணினார்கள். பிறகு கேட்டபோது தாத்தா முதலில் உட்கார்ந்தே காட்டினார்.

திருப்பிக் கேட்கும் இந்த வேலையை நான் ரோபோவிடம் விடமாட்டேன். பல் போன வாயில் வரும் நம்ம ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடுவதில்லை. இங்கே பல வீடுகளில் தெலுங்கோ உருதோதான் வீட்டு மொழி என்பது இன்னொரு சங்கதி. சர்க்கரை இறங்கி வேர்த்து நடுங்குபவரின் கையில் உடனே சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்க மனிதர்தான் ஓடிவர வேண்டும்.

பொத்தாம்பொதுவான அறிவுரையும் ஆபத்து. இதயம் பலவீனமானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் சிலருக்கு நாங்களே தண்ணீரை அளந்துதான் குடிக்கச் சொல்கிறோம். "இன்னொரு டம்ளர் குடிங்க" என்று ரோபோ நச்சரித்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அளவை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். கேமரா உள்ள ரோபோ என்றால், படுக்கையறையில் வைக்கலாமா என்று பெரியவரையே கேளுங்கள். பிள்ளைகள் மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

ரோபோவுக்கு வசதியில்லை என்றால், பேத்தியின் குரலில் "ஆயா, மோர் குடிச்சியா?" என்று பதிந்து போனில் அலாரமாக வைத்தாலும் பாதி வேலை நடக்கும். எதை வைத்தாலும், மருத்துவர் மாத்திரையை மாற்றும்போது பதிந்த நேரத்தையும் மாற்ற வேண்டும். அதை யார் செய்வது என்று வாங்கும் அன்றே பேசி முடிவு செய்துவிடுங்கள்.