சட்டையின் மூலையில் 12:47

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறார். "ஊட்டுல இன்னா கீது?" என்றுதான் ஒவ்வொரு வீடியோவையும் ஆரம்பிப்பார் (வாசகத்தை மாற்றியிருக்கிறேன்). அந்த வடார்க்காட்டுப் பேச்சுக்காகவே அவரைப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த வரியையும், மண்சட்டி ஏந்திய ஒரு பாட்டி படத்தையும் போட்டு, திருப்பூரில் டி-ஷர்ட் அடித்து விற்றுவந்தார்.

மேசைமேல் இரண்டு சட்டைகளை விரித்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று, ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கிய ரசிகர் ஒருவர் அனுப்பியது. கூடவே ஒரு சீட்டு: "அக்கா, ஒரே துவையல்ல உரிஞ்சிடுச்சு. உங்கள நம்பித்தானே வாங்குனேன்." பாட்டியின் முகம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம், அதற்குள் 12:47. யூடியூப் முகப்புப் படத்தில் வீடியோ எவ்வளவு நேரம் என்று காட்டுமே, அந்தக் கட்டம். செல்போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டக்கூட இல்லாமல் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். "இதைப் பத்திரமா வைம்மா, இதுவே சாட்சி" என்றேன்.

"அப்ப உடனே கேஸ் போட்டுடலாமா சார்?"

"பாட்டியை வரைஞ்சது யாரும்மா?"

ஆம்பூரில் ஒரு நண்பராம். 1,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பியிருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை.

என்னிடம் வருபவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். காசு கொடுத்ததால் மட்டும் படம் நம்முடையது என்று உறுதியாகிவிடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் ஒருவரிடம் வரையக் கொடுத்த படத்துக்குப் பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும் விதிவிலக்கு உண்டு, ஆனால் இந்தப் பாட்டி படம் அதில் சேருமா என்று சண்டை வரலாம். அவருடைய உரிமை கைமாற எழுத்தும் அவர் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டோடு முடிந்துவிடும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவோடு நின்றுவிடும். விற்பனைத் தளத்துக்கு இவர் அனுப்பிய புகாரும் "உரிமைக்கு ஆவணம் எங்கே?" என்ற கேள்வியோடுதான் திரும்பியிருந்தது. நண்பர் நல்ல மனிதர், மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டார். இடையில் இருவருக்கும் மனத்தாங்கல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிசைன் சட்டப்படி டிசைனாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல், தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் எடுத்தால் பதிப்புரிமை போய்விடும் என்கிறது அதே சட்டத்தின் 15(2) பிரிவு. இந்தப் பாட்டிக்கு அது பொருந்தாது என்று நாம் வாதாடலாம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார். அதனால் வணிகச் சின்னமும் பதிந்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஆன்லைனில் தனிநபருக்கு ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். உடுப்புக்கு வகுப்பு 25, சேனலுக்கு 41. பதிவான சின்னத்தைக் காப்பியடித்தால், நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். போலிக்காரர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வேலூருக்கு வந்துதான் பதில் சொல்லவேண்டும். பதிவில்லாத சின்னத்துக்கு இந்தச் சலுகை இல்லை. பதிவு கைக்கு வரும்வரை டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது.

எதைப் பதிவது? "இன்னா கீது" நம் ஊரே பேசுகிற பேச்சு. அதை ஒருவர் பூட்டிவைக்க முடியாது, கூடாது என்பதும் என் எண்ணம். நெஞ்சில் பெரிதாக அச்சிட்ட வரியை, சின்னம் அல்ல, வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடவும் வாய்ப்பிருக்கிறது. சேனல் பெயரும் பாட்டியும் சேர்ந்த லோகோவுக்கு விண்ணப்பித்தோம். இனி அது கழுத்துப்பட்டை லேபிளிலும் தொங்கும் அட்டையிலும் இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

தம்பிக்கு ஆத்திரம். "அவனுங்கள கிழிச்சு ஒரு வீடியோ போட்டுடுறேன் சார்" என்றான். வேண்டாம் என்று தடுத்தேன். வீடியோ வந்த ராத்திரியே லிஸ்டிங் மறையும், ஆதாரமும் போய்விடும். அதற்கு முன் நாமே ஒரு சட்டை ஆர்டர் செய்தோம். இணைய முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். பார்சல் ஸ்டிக்கர் முதல் பில் வரை, பிரிப்பதை வெட்டாமல் வீடியோ பிடித்தோம். நீதிமன்றத்தில் இவற்றைக் கொடுக்கும்போது மின்னணு ஆதாரங்களுக்கான, 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அதனால் எந்த போனில் எடுத்தோம் என்பதையும் அப்போதே குறித்துவைத்தோம்.

லாங் பஜாரிலும் ஒரு கடையில் அதே சட்டை தொங்கியது. அதே 12:47. கடைக்காரர் வயதானவர், பயந்துவிட்டார். தெரியாமல் வாங்கி விற்றவர், தான் ஜாக்கிரதையாக இருந்ததைக் காட்டி, சரக்கு வந்த இடத்தையும் சொல்லிவிட்டால் தப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று விளக்கினேன். டிராயரைத் திறந்து மொத்த வியாபாரியின் பில்லை எடுத்து நீட்டினார். அதிலிருந்த ஜிஎஸ்டி எண்ணும், எங்கள் பார்சலில் இருந்த எண்ணும் ஒன்றே.

நோட்டீஸ் அந்த ஒரே வாசலுக்குப் போனது. படத்தின் உரிமைப் பத்திரத்தோடு தளத்துக்கும் மறுபடி எழுதினோம். இரண்டு லிஸ்டிங் இறங்கிவிட்டன. போன வாரம் வேறு பெயரில் மூன்றாவது ஒன்று ஏறியிருக்கிறது. அதிலும் ஒரு சட்டை ஆர்டர் போட்டிருக்கிறோம்.